சரிபுதீன் முதலாளிக்குக் கொடுத்த தண்ணீர்

தாராபுரம்,
1921 ஆவணி

கண்ணியமிக்க ஜமால்தீன் காக்கா அவர்களுக்கு,

தங்கை றஹீமா ஸலாத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மச்சானும் பிள்ளைகளும் றப்பின் கிருபையால் இருக்கிறோம். கொழும்பில் நீங்களும் மதினியும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் கேட்கிறேன். அனுப்பிய சீத்தைத் துணியும் கற்கண்டும் வந்து சேர்ந்தன. பெரியவளுக்குச் சட்டை தைத்து, மீதியில் தலையணை உறையும் தைத்துவிட்டேன்.

உங்கள் கூட்டாளி சரிபுதீன் முதலாளி வந்துபோனதைப் பற்றி இதுவரை நான் எழுதவில்லை. எழுத முகமில்லை.

அவர் ஸ்டேஷன் பக்கத்துக் காணியைப் பார்க்கத்தான் வந்தார். உங்கள் கூட்டாளி என்றபடியால் நம் வீட்டில்தான் தங்கினார். நம் கிணறு உப்புக் கரிக்கும் சவர் என்பது உங்களுக்குத் தெரியும். விருந்தாளிக்குச் சவர்த் தண்ணீரில் தேத்தண்ணி கொடுத்தால் ஊருக்கே இழுக்கு. வழமைப்படி ஊரே மொள்ளும் தென்னங்காணிக் கிணற்றில் மொண்டு வந்து, முதலில் ஒரு செம்பு வெறும் தண்ணீர் கொடுத்தோம், பிறகு தேத்தண்ணி. குடித்துவிட்டு, கொழும்புக் குழாயிலும் இப்படித் தண்ணீர் இல்லை என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்குத் தலை கனத்துவிட்டது.

இந்த மணல் தீவுக்கு ஆட்கள் ஏன் வந்து குடியேறுகிறார்கள் என்று உங்கள் மச்சானிடம் கேட்டார். அவர் வாய் திறக்குமுன் நான் திரைக்குப் பின்னாலிருந்து தொடங்கிவிட்டேன். தலைமன்னாருக்கு ரயில் வந்த பிறகு இந்தியாக் கப்பலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் இந்த வழிதான், வழக்குப் பேசுகிற கோடு, கச்சேரி, ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கிற தூரம், உயிலங்குளத்து நெல் வண்டியில் வாசலுக்கே வருகிறது, ரயில்வே கிளாக்கர்மார் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைகிறார்கள் என்றேன். வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் என்ற பெருமையில், நாலு அறை கட்டினால் போட்ட காசு எப்போது திரும்பும் என்றும் சொன்னேன். கடைசியில் அந்தக் கிணறு இருப்பது யாருடைய காணி என்றார். அதையும் சொன்னேன். சொந்தக்காரர் முசலியில் இருக்கிறார், ஊரார் மொள்ளுவதை ஒருநாளும் தடுத்ததில்லை என்று அவரைப் புகழ்ந்தும் சொன்னேன்.

ஸ்டேஷன் காணியை முதலாளி எட்டியும் பார்க்கவில்லை. அடுத்த மாதமே உங்கள் இருவர் பேரிலும் தென்னங்காணியை வாங்கி உறுதி எழுதி முடிந்தது. இப்போது சுற்றிவர முள்ளுக்கம்பி. படலைக்குப் பூட்டு. வாடகை அறைகளுக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். கிணறு குடியிருக்க வருகிறவர்களுக்காம்.

நம் பெண்கள் வெயிலில் டவுன் வரை குடம் தூக்குகிறார்கள். ஓலைத்தொடுவாயிலிருந்து மீன் கொண்டுவரும் மதலேனா கூடையை இறக்காமலே, "ராத்தா, இனி ஆரும் வந்தால் சவர்த் தண்ணியையே குடுங்கோ, ஊர் தப்பும்" என்று சிரித்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முதலாளி நன்றி மறவாதவர். எனக்கு மட்டும் படலைப் பூட்டுக்கு ஒரு திறப்பு அனுப்பியிருக்கிறார். தங்கச்சி எப்போதும் மொள்ளலாமாம். சின்னவளுக்குக் காய்ச்சல் கண்ட அன்று அதை எடுத்துக்கொண்டு போனேன், காக்கா. கம்பிக்கு வெளியே நூர்ஜஹான் மாமி வெறுங்குடத்துடன் நின்றார். அவர் குடத்தையும் நிரப்பித் தருகிறேன் என்றேன். "வேணாம் மகள், உங்கட தண்ணி உங்களுக்கு" என்றார். அதன் பிறகு நான் போகவில்லை. சவரைத்தான் காய்ச்சிக் குடிக்கிறோம்.

நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. இந்த இடம் வளரும், அறைகள் நிறையும், உங்கள் கணக்குத் தப்பாது. அதனால்தான் கேட்கக் கூசுகிறேன். பங்கு பிரிக்கும்போது கிணறு இருக்கிற மூலையை உங்கள் பாகமாகக் கேட்டு எடுங்கோ. ரோட்டுப் பக்கம் முழுவதையும் அவருக்கு விடுங்கோ. மூலையை ஊருக்கு வக்ஃபாக எழுதி, கிணறு வெளியே நிற்கும்படி வேலியை உள்ளே தள்ளிப் போட்டால் போதும். உங்களுக்கு வரும் நட்டத்துக்கு வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்த பனங்காணியை எழுதித் தருகிறேன். உங்கள் மச்சானும் ஓம் என்றுவிட்டார். முதலாளி காரணம் கேட்டால், தங்கைக்குப் புத்தி மட்டு என்று சொல்லுங்கோ. நான் கோபிக்கமாட்டேன்.

மதினிக்கு ஸலாம். இதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

உங்கள் வியாபாரத்தில் அல்லாஹ் பறக்கத்தைத் தரட்டும். உங்கள் கைக்கு வரும் ஒரு சதத்திலும் யாருடைய தாகமும் கலந்திராமல் அவனே காக்கட்டும்.

உங்கள் துஆவை வேண்டும்,
றஹீமா