ஊசி ஐம்பதில் நிற்கிறது

பிப்ரவரி 3

அன்பு மகனுக்கு,

இங்கே நாங்கள் நலமாகத்தான் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

நேற்று சாயங்காலம் மின்தேவை ஏறியதும், நீ வாங்கித் தந்த மின் அதிர்வெண் மீட்டரில், உற்பத்தி போதாமல், ஊசி ஐம்பதிலிருந்து சறுக்கியது. சற்று நேரத்தில் நிமிர்ந்தது. "உன் பிள்ளை நிலக்கரியைக் கூட்டிட்டான்" என்று அம்மாவிடம் சொல்லி வாய் மூடவில்லை, "பாத்தீங்களாப்பா?" என்று உன் போன் வந்தது.

அப்போதே சொல்ல நினைத்தேன், போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அரசு சூரிய மின்சாரத்திலும் காற்றாலைகளிலும், அதைச் சேமிக்கும் பேட்டரி நிலையங்களிலும் பெரிய முதலீடு செய்யப்போகிறது. அதை ஆராயும் குழுவில், மின்பகிர்வு மையத்தில் வேலை பார்த்தவன் என்று என்னையும் சேர்த்திருக்கிறார்கள். நீ வேலை பார்க்கும் அனல்மின் நிலையத்தை மூடலாமா என்பதும் அதில் ஒரு கேள்வி. எனக்கு அந்தத் தகுதி உண்டா என்றே தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

அப்பா

பிப்ரவரி 12

அன்புள்ள அப்பா,

உங்களுக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு? ஆனால் ஒன்று கேட்கிறேன். பொய் சொல்ல வேண்டாம், யாரையும் எதிர்க்கவும் வேண்டாம். எனக்கு சைக்கிள் வாங்குவதிலிருந்து கல்யாணம் வரைக்கும் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பீர்களே, அதையே அங்கேயும் சொல்லுங்கள். நீங்கள் தயங்கினால் அவர்கள் தள்ளிப்போடுவார்கள். எனக்கு இந்த வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. உங்கள் மருமகள் இப்போதுதான் குவார்ட்டர்ஸ் சமையலறையில் ஆசையாக அலமாரி அடித்திருக்கிறாள்.

உங்கள் மகன்

மார்ச் 20

அன்பு மகனுக்கு,

நேற்று குழு கூடியது. நீ சொன்னதைச் சொல்லத்தான் போனேன்; வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தலைவி நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, பேட்டரி வந்துட்டா, அந்த நிலையம் இல்லாம சாயங்காலத் தேவையைத் தாங்க முடியுமா?"

வெளிநாட்டுத் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்று நிலக்கரிக் கப்பல் வராத அந்தக் கோடை உனக்கு நினைவிருக்கும். எந்தப் பகுதியை இருட்டாக்குவது என்று தினமும் முடிவு செய்தவன் நான். ஆஸ்பத்திரிகளைத் தவிர்த்தேன். வீட்டில் ஆக்ஸிஜன் மெஷினோடு படுத்திருந்தவர்களைத் தவிர்க்க எனக்கு வழி தெரியவில்லை. இன்னொரு கப்பலை நம்பி இன்னொரு கோடையா?

"முடியும்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"இத்தனை வருஷம் வாயத் திறக்காத மனுஷன், திறந்ததும் பெத்த பிள்ளை தலையிலயா கைய வைக்கணும்?" என்கிறாள் அம்மா. மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இருவரும் வந்துவிடுங்கள். போனை எடு, கண்ணா.

அப்பா

நவம்பர் 2

அப்பாவுக்கு,

பேட்டரிகள் ஓடத் தொடங்கிவிட்டதால், நேற்று கொதிகலனை நிரந்தரமாக அணைத்தோம். என் ஷிப்டில்தான். "வீட்டுலயே பேசி முடிச்சிட்டீங்களா சார்?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

பேட்டரி நிலையத்தில் வேலை தருகிறார்களாம். அப்பா வாங்கிக் கொடுத்தது என்பார்கள். வேண்டாம். வெளிநாட்டில் ஓர் அனல்மின் நிலையத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம்.

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான், தாங்கும். தப்பாக இருந்திருந்தால் உங்களோடு ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

அம்மாவோடு மட்டும் பேசிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 17

அன்பு மகனுக்கு,

அம்மாவிடம் கெஞ்சி உன் முகவரியை வாங்கினேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. இதற்கு முன் குவார்ட்டர்ஸ் முகவரிக்கு எழுதியவை கிடைத்தனவா, தெரியவில்லை.

நேற்று கடும் வெயில். சாயங்காலம் ஊரே ஏசியைப் போட்டிருக்கும். பொழுது இறங்க இறங்க, நாற்காலியை இழுத்துப்போட்டு மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சறுக்கும் என்று பயந்தேன். கொஞ்சம் சறுக்கட்டுமே என்றும் ஓர் ஆசை; அவ்வளவு தூரத்தில் உனக்குத் தெரியாதென்றாலும், அந்த நேரத்தில் பழக்கத்தில் உன் கை போனுக்குப் போகுமோ என்று.

ஊசி ஐம்பதை விட்டு அசையவில்லை. தெருவில் யாருக்கும் எதுவும் தெரியாது. பக்கத்து வீட்டில் டிவி ஓடியது, எதிர்வீட்டில் மிக்ஸி. எழுந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "என்ன?" என்றாள் அம்மா. "ஒண்ணுமில்ல" என்றேன். இது புரிகிற ஆள் எனக்கு நீ ஒருவன்தான்.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. நீ எப்போது வருவாய் என்று அவளிடம் கேட்டேன். தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"கேட்டேன். பார்க்கலாம்னு சொன்னான்."

அப்பா