யானை சீலும் ஹம்மிங்பேர்டும்

செவ்வாய், இரவு

நினைவு திரும்பாமல் கிடக்கும் இவருக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை, நாளைக் காலையில் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார் கே.கே. நகர் டாக்டர். மகள் யாழினியிடம் பாதியைத்தான் சொன்னேன். "நாளைக்கு அப்பா வீட்டுக்கு வாராருடி."

குதித்தாள். ஆரப்பாளையத்து அத்தைக்கு உடனே போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். "சந்தோஷத்துல அத்தை அழுகுதும்மா" என்றாள்.

பிறகு பள்ளிக்கூடச் சார்ட்டை விரித்தாள். இரண்டு உயிரினங்களை ஒப்பிட வேண்டும். அவளுக்கு வந்தது யானை சீலும் ஹம்மிங்பேர்டும். ஒன்று கடலில் முங்கி வாழும் மிருகம், ஆட்டோவைவிடப் பெரிசு; மற்றது குருவி, என் கட்டைவிரல் அளவு. வேற்றுமைப் பக்கம் நிரம்பிவிட்டது, ஒற்றுமைப் பக்கம் காலி. என்ன பொல்லாத டீச்சரோ என்று எரிச்சலில் திட்டினேன்.

"ஒண்ணு இருக்கும்மா. சீல் ஆழத்துக்குப் போறப்ப அதோட இதயம் ரொம்ப மெதுவாயிரும். இந்தக் குருவிக்கும் ராத்திரி குளிர்ல அப்படித்தான். பாத்தா செத்த மாதிரியே இருக்கும். விடியவும் எந்திரிச்சுப் பறந்துரும். அப்பாவும் இம்புட்டு நாளா அப்படித்தான தூங்குறாரு?"

சார்ட்டுக்கு ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோணலாகிவிட்டது.

சாப்பிட்டதும் அவளே கட்டிலில் புது விரிப்பு விரித்தாள். கட்டிலைக் கிழக்கு ஜன்னலோரம் போட்டால் காலை வெயில் அப்பா மேல் விழுமாம். ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நகரவில்லை.

"ஒரு கை புடிம்மா."

போய் மறுபக்கத்தைப் பிடித்தேன்.