கோத்தகிரி வீட்டின் சின்ன அறைக்குப் பெரிய ரேடியேட்டர்

எத்தனை முத்தம் கொடுத்தாலும் "கன்னம் ஈரமாச்சு, போடி" என்று துடைத்துக்கொள்ளும் என் அம்மாவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. போத்தனூரில் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் அப்பாவும்தான். பன்மையில் எழுதினால் வீடு கொஞ்சம் நிறைந்த மாதிரி இருக்கிறது.

உன் தொழிலை இன்னும் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. "அம்மா மலைமேல இருக்கற பழைய ஊடுகளுக்கு ரேடியேட்டர் மாட்டிட்டிருந்தாங்க" என்றால் எல்லோருக்கும் லாரிதான் ஞாபகம் வருகிறது. "ஊட்டுக்கு எதுக்குக் கண்ணு ரேடியேட்டர்? ஊடு எங்கியாச்சும் ஓடுதா?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். "ஊடு ஓடாதுங்க மாமா. வெந்நீர்தான் ஓடும். ரூமைச் சூடாக்கற இரும்புங்க" என்றேன். அப்போது மே மாதம். மாமா என்னைப் பாவமாகப் பார்த்தார்.

நீ கடைசியாக ஒப்புக்கொண்டாயே, கோத்தகிரி டீச்சரம்மா வீடு, அதை முடித்துவிட்டோம். அன்னூரில் பிறந்து, அந்த மலையிலேயே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பழைய கல் சுவர் வீட்டில் தனியாக இருக்கிறார். மகன் கறாராகச் சொல்லியிருந்தார்: வீட்டைப் புதுப்பித்த பிறகும் இந்த மார்கழிக் குளிர் தாங்கவில்லை என்றால், பூட்டிவிட்டு ஈரோட்டுக்கு வந்துவிட வேண்டும். அந்த வீட்டை விட்டுப் போவதை டீச்சரம்மாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து போட்ட வரைபடத்தோடு நானும் அப்பாவும் பிளம்பர் ரங்கசாமியண்ணனும் போனோம். ரேடியேட்டர்களை நீயே தேர்ந்தெடுத்து வைத்திருந்தாய். மெல்லிய தகடு வேண்டாம், கெட்டி வார்ப்பிரும்புதான். கல் சுவர் நிதானமாகச் சூடாகும், இரும்புக்கும் அதே நிதானம் வேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். எல்லாம் சரி. ஆனால் பெரிய ஹாலுக்குச் சின்னது, டீச்சரம்மா படுக்கும் சின்ன அறைக்குப் பெரியது என்று போட்டிருந்தாய்.

ரங்கசாமியண்ணன் குழாய் வேலையோடு வருடம் முழுக்க ஏசியும் மாட்டுகிறவர். "ஏனுங்க, சின்ன ரூமுக்கு ஒரு டன்னு, ஹாலுக்கு ரெண்டு டன்னு. இது தலைகீழா இருக்குதுங்களே?"

அப்பா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து மயக்கத்துல மாத்தி எழுதிப்போட்டாளாட்ட இருக்குது. நீங்க மாத்தி மாட்டிருங்க" என்றார், மெதுவாக.

கடைசி நாட்களில் நீ நீயாக இல்லையா, அம்மா? அதைக் கேட்கப் பயந்து, வழக்கம்போல ஒரு குறும்பு செய்தேன். பையில் வைத்திருந்த பழைய ஏசி ரிமோட்டை நீட்டி, "அண்ணா, முப்பதுல வைங்க" என்றேன். நல்ல மனிதர், ரேடியேட்டரைப் பார்த்து நாலு தடவை அமுக்கினார்.

அப்பா சொன்னபடி பெரியதை ஹாலிலும் சின்னதைச் சின்ன அறையிலும் மாட்டி, பாய்லரைப் பற்ற வைத்தோம். மறுநாள் சாயங்காலம் ஹாலில் எங்களுக்கு வேர்த்தது. "குளிர்விட்டுப் போச்சுடி உனக்கு" என்று திட்டுவாயே, சின்ன அறைக்குள் போனதும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தக் குளிர்தான். உள்ளே டீச்சரம்மா இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு சால்வையோடு உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்குதுங்க டீச்சர்?" என்றார் அப்பா.

"அருமையா இருக்குதுங்க." பல் தந்தியடித்தது.

"குளுருதுங்களா?"

"அட, அதெல்லாம் இல்லீங்க."

"குளுருனா சொல்லிப்போடுங்க."

"சொல்றனுங்க."

நம் ஊர் மரியாதையை நம்பினால் அந்தம்மா உறைந்தே போயிருப்பார். "டீச்சர், உங்க மூக்கு செவந்து கெடக்குது. பொய் சொன்னா முட்டி போட வெப்பீங்கதானுங்க?" என்றேன். சிரித்தார். பிறகு, "ஈரோட்டுக்கே போயிடறேன் கண்ணு. இந்த ரூமோட ராசி அப்படி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

சுவரில் சாய்ந்தேன். ஐஸ். எதிர்ச் சுவரைத் தொட்டேன். அதுவும். ஜன்னல் சுவரும். ஓடிப்போய் உன் வரைபடத்தை எடுத்து வந்தேன். சில சுவர்களில் மட்டும் பென்சிலால் கருப்படித்திருந்தாய். கை நடுங்கி அழுந்திய கறை என்று நினைத்திருந்தோம். ஹாலில் ஒரே சுவர் கருப்பு. சின்ன அறையில் மூன்று.

"அப்பா, அம்மா ரூமை மட்டும் அளக்கலைங்கப்பா. குளுரு எத்தனை பக்கத்துல இருந்து வருதுன்னு எண்ணியிருக்குது!"

ஹால் மற்ற அறைகளின் மடியில் உட்கார்ந்திருக்கிறது, வெளிக்காற்று படுவது ஒரே சுவரில்தான். சின்ன அறையோ பள்ளத்தாக்குப் பக்கம் துருத்திக்கொண்டு, மூன்று பக்கமும் காற்று வாங்குகிறது. ஒரே ஒரு தடவை பார்த்த வீட்டை, ஊசி ஏறிய கையோடு, சுவர் சுவராக எப்படிம்மா ஞாபகம் வைத்திருந்தாய்?

காலையில் எல்லோரும் மூச்சுமுட்டத் தூக்கி இரண்டையும் இடம் மாற்றினோம். பெரியது சின்ன அறை ஜன்னலுக்குக் கீழே போனது. தீ தெரியவில்லை, புகை இல்லை, ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. உள்ளே அந்த அறை, தூக்கம் கலைகிற குழந்தை மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் கதகதப்பாகிறது. வெயிலைத் திட்டியே வளர்ந்தவள் நான். சூடு இவ்வளவு அழகான பொருள் என்று எனக்குத் தெரியாதும்மா. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

டீச்சரம்மா சால்வையை எடுத்தார். ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினார். பிறகு இன்னொன்றையும். எங்கள் முன்னாலேயே மகனுக்குப் போன் போட்டார்: "நான் வர்ல சாமி. இங்க புழுங்குது."

அப்பா இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. "சுடுதுங்களாப்பா?" என்றேன்.

"இல்ல அம்மணி. உங்கம்மா கடைசி வரைக்கும் தெளிவாத்தான் இருந்திருக்கா."

ஒரு வாக்கு தருகிறேன். இனி எந்த வீட்டுக்குப் போனாலும், வாயைத் திறக்கும் முன் சுவர்களைத் தொட்டுப் பார்ப்பேன். தொட்ட பிறகு திறக்காமல் இருப்பேன் என்று மட்டும் வாக்குக் கேட்காதே.

இன்றைக்கும் என்றைக்கும்,
உன் வாலுப் பெண்