பாட்டு எதற்கு என்று கேட்ட அண்ணனுக்கு

அண்ணனுக்கு,

பதினொரு நாளாக உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். கடைசியில் சொல்கிறேன், முதலில் சாப்பாடு. ரசம் அடுப்படியில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். கொட்டகைச் சாவி அரிசிப் பானைக்குப் பின்னால். நாலு மணிக்குக் கோயில் உபதேசியார் ஜெபம் பண்ண வருவார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் காப்பி கொடுங்கள்.

“பனியில கெழங்கெல்லாம் கருகிக் கெடக்கு, ஒனக்குப் பாட்டு கேக்குதாக்கும்?” என்று நேற்றுக் கேட்டீர்கள். நேரில் எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பதினொரு நாளில் முதல் நாள் கோயில் பெஞ்சில் உட்கார்ந்து பயந்து அழுதேன். ஜெபம் வரவில்லை. “ஆண்டவரே, கூட இரும்” என்று மட்டும் சொன்னேன். எழுந்தபோது மனம் நிறைந்திருந்தது. அறிவியல் படித்தவள், உடனே நம்பவில்லை. தினமும் விடிந்ததும் அந்தச் சந்தோஷம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு நாள்கூடக் குறையவில்லை. அதுதான் பாட்டு.

சுகிர்தம்

பி.கு. என் தம்ளரையும் தட்டையும் கொதிநீரில் போட்டு எடுங்கள். மறக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. மதுரைக்குப் பயிற்சிக்குப் போகிறேன் என்றது பொய், சிகிச்சைக்குத்தான் போகிறேன், மன்னியுங்கள். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் என் சளியை நானே மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். எனக்குக் காசநோய், அண்ணா.