என் பெயரில் ஓடிய சோதனை

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கும் வத்சலா மெட்ரோவில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நொய்டாவில் ஏறுகிறவள், மயூர் விஹாரில் ஏறும் எனக்காகப் பெண்கள் பெட்டியில் கைப்பையை வைத்துச் சண்டை போடுவாள். ஆறு வருஷமாக இப்படித்தான். எங்கள் டீம் லீடர் ஆன பிறகும் அவள் விடவில்லை. எவர்சில்வர் டப்பாவில் வத்தக்குழம்பு கொடுத்தாள். "உன் ஆத்துக்காரன் மாதவுக்கு இல்லை, உனக்கு" என்றாள்.

புது வேலை வந்திருக்கிறது. ஒரு பெரிய மருத்துவமனைக்கு இன்டர்நெட் போன் சர்வர். நாலாயிரம் போன்கள். ஒவ்வொன்றும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சர்வரிடம் பதிவு செய்துகொண்டால்தான் அதற்கு அழைப்பு போகும். கரண்ட் போய் வந்தால் நாலாயிரமும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இரண்டு நிமிஷத்துக்குள் அத்தனையும் பதிவாக வேண்டும். நிஜ போனுக்குப் பதில் நாலாயிரம் பொய் போன்களை ஏவிவிட்டுப் பார்ப்பது என் வேலை.

ஜூன் 10

மூன்று தடவை ஓட்டினேன். ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தைத் தாண்டவில்லை. பதில் கிடைக்காத போன்கள் மறுபடி மறுபடி கேட்கக் கேட்க நெரிசல் கூடி, சர்வர் படுத்துவிட்டது. வத்சலாவிடம் காட்டினேன். "அச்சா, பாத்துக்கலாம். டென்ஷன் ஆகாதேடி" என்றாள். ஐ.சி.யூ. போனும் இதில் இருக்கே என்றேன். "தெரியும்டி."

ஜூன் 11

நாளை லீவு. குழந்தை அம்முவுக்குப் பல் டாக்டர். சர்வரைச் சரிசெய்துவிட்டார்களாம், நாளைக்கு வத்சலாவே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறாளாம். என் பாஸ்வேர்டைக் கேட்டாள். கொடுத்தேன். வத்சலாதானே.

ஜூன் 13, வெள்ளி

நாலாயிரமும் பதிவு! ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி. சந்தோஷத்தில் எல்லாருக்கும் சமோசா வாங்கினேன். அசடு.

(கடைசி வார்த்தை 16ஆம் தேதி எழுதியது.)

ஜூன் 16, திங்கள்

என்னதான் சரிசெய்தார்கள் என்று தெரிந்துகொள்ள சர்வர் தானே எழுதிவைக்கும் குறிப்புகளைத் திறந்து பார்த்தேன். எதையுமே சரிசெய்யவில்லை.

போன் வந்ததும் சர்வர் முதலில் "யார் நீ, பாஸ்வேர்டு சொல்" என்று கேட்கும். சொன்ன பிறகுதான் பதிவு. சர்வருக்குப் பாதி வேலை அதுதான். வத்சலா அந்தக் கேள்வியையே அணைத்துவிட்டு ஓட்டியிருக்கிறாள். யார் வந்தாலும் உள்ளே வா, அவ்வளவுதான். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மேலே கொட்டை எழுத்தில் ‘சோதித்தவர்: சுபாஷிணி’.

கேட்டேன். "மேலேருந்து பிரஷர்டி. ஜூலைல பெரிய மெஷின் வந்துடும், சரியாயிடும். உனக்குத் தெரியாம இருந்தா உனக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

உன் பெயரையே போட்டிருக்கலாமே என்றேன்.

"டெஸ்ட் பண்றவ நீதானே, உன் பேரைப் பாத்தாத்தான் ஆஸ்பத்திரிக்காரா நம்புவா."

ஜூன் 17

மெட்ரோவில் இடம் பிடித்து வைத்திருந்தாள். ஆபீஸ் இருக்கும் கரோல் பாக் வரை நின்றுகொண்டே போனேன்.

ஜூன் 18

மாதவ் சொல்கிறான், "பேசாம இரு சுபா. மாட்டினா அவதானே மாட்டுவா?"

அவளா? அதுல இருக்கறது என் பேரு! ராத்திரி கரண்ட் போய் வந்து, நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டு, மணி அடிக்கலைன்னா — யாரைக் கேப்பா? அம்மு பொறந்தப்போ பத்து நாள் எங்காத்துல வந்து சமைச்சவ. எப்படிடி மனசு வந்துது உனக்கு? நான்தானே பாஸ்வேர்டைக் கையில குடுத்தேன். அவளை ஒரு நாளாவது நான் ஏன் என்னன்னு கேட்டிருக்கேனா?

ஜூன் 20, வெள்ளி

மருத்துவமனை சார்பில் ஜெயபால் என்கிற இன்ஜினியர் வந்திருந்தார். சேலத்துக்காரர். "ரிப்போர்ட் நல்லாருக்கும்மா. நீங்க பண்ணதுதானே? கையெழுத்துப் போட்டுடலாமா?" வத்சலா பேனாவை நீட்டினாள்.

"சார், இது நான் ஓட்டினது இல்லை" என்றேன். "ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க."

பாஸ்வேர்டு கேள்வியைத் திரும்பப் போட்டு, அவர் கண்ணெதிரே ஓட்டினேன். ஆயிரத்து நூற்று இருபத்தாறில் நின்றது. ஜெயபால் பேனாவை மூடி வத்சலாவிடம் கொடுத்துவிட்டார்.

லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணிருக்கலாமேடி. முதுகுல குத்திட்டியே" என்று அழுதாள்.

நானா?

ஜூன் 27

என்னை வேறு டீமுக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. வத்சலா அங்கேயே இருக்கிறாள்.

ஜூலை 4

இப்போதெல்லாம் ஒரு ரயில் முன்னாலேயே போய்விடுகிறேன். நின்றுகொண்டுதான்.

ஜூலை 11, வெள்ளி

பெரிய மெஷின் வந்துவிட்டதாம். ஜெயபாலே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாராம், கேள்வியோடு. நாலாயிரமும் பதிவு. கேட்டதும் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

வத்தக்குழம்பு டப்பா ஒரு மாதமாக அலமாரியில் இருந்தது. எங்கள் இருவருக்கும் டப்பாவை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். காலையில் கை தானாகச் சர்க்கரையை எடுத்துப் போட்டுவிட்டது. அதைத் திரும்பக் கொட்டி, டப்பாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் மீட்டிங்கில் இருந்த நேரம் பார்த்து மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

திறந்து பார்த்திருப்பாள்.