காரும் மூன்று சில்லு மேசைகளும்

இன்று காலை கராஜைத் திறந்தபோது உன் அறுக்கும் மெசினின் இரும்புத் தட்டில் மறுபடியும் கறள் பூத்திருந்தது. வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குத் தப்பிய இரும்பு ஏது? பழைய துணியில் எண்ணெய் தோய்த்துத் துடைத்தேன். எண்ணெயும் மரத்தூளும் கலந்த மணம் எழும்பியதும் உன்னோடு கதைக்க வேண்டும்போல் இருந்தது. இந்த வீட்டில் கதைக்க வேறு ஒருவரும் இல்லை என்பதும் உண்மைதான்.

கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு, நீ கொலன்னாவையில் மூடப்போகும் தளபாடக் கடையொன்றில் மூன்று பெரிய மெசின்களை வாங்கினாய். மரம் அறுக்க ஒன்று, சீவ ஒன்று, துளை போட ஒன்று. கொட்டாஞ்சேனையில் உன் வீடு மூன்றாம் மாடி. "உன்ர கராஜ் சும்மாதானே கிடக்கு" என்றாய். சும்மா கிடக்கவில்லை. அதில் என் கணவரின் கார் நின்றது. எனக்கு ஓட்டத் தெரியாது. அவர் போன பிறகு விற்கவும் மனம் வரவில்லை. பகலில் நீ பாவிக்கலாம், பொழுதுபட முதல் கார் தன் இடத்தில் நிற்க வேண்டும் என்றேன்.

"செத்த மனுசன்ர காருக்கு நிழல், உயிரோட நிக்கிற எனக்கு வெயிலோடி?"

"ஓம். அப்பிடித்தான்."

கொன்வென்ற்றில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள் நாம். என் "ஓம்" எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். வாதாடாமல் ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு கனத்த மேசை செய்து, கால்களில் சில்லுப் பூட்டினாய். காலையில் நீ காரைக் கேற்றுக்கு வெளியே ஒழுங்கையில் கொண்டுபோய் விடுவாய். மேசைகளைச் சுவரோரத்திலிருந்து நடுவுக்கு உருட்டுவோம். பின்னேரம் மேசைகள் சுவரோடு, கார் உள்ளே.

முதல் நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கார் கழுவும் தண்ணீர் ஓடுவதற்காகத் தரை கேற்றை நோக்கிச் சரிந்திருப்பதை இருவருமே மறந்துவிட்டோம். நீ கையை எடுத்ததும் அறுக்கும் மெசின் அவசரமே இல்லாமல் ஒழுங்கைக்குப் புறப்பட்டது. எதிரே வந்த ஓட்டோக்காரர் பிரேக் போட்டுத் தலையை நீட்டினார்.

"மிஸ், இவங்க எங்க போறாங்க? நான் ஏத்திக்கிட்டுப் போய் விடவா?"

"கணக்கு டீச்சராம்!" என்று உன்னை முறைத்தேன்.

"நீயும் பாத்துக்கொண்டுதானே நிண்டனீ! ஓடிவந்து பிடியடி!"

அடுத்த கிழமையே காலால் மிதித்துப் பூட்டும் சில்லுகளாக மாற்றினாய். அறுத்து வரும் நீளப் பலகை அடுத்த மேசையில் படிய வேண்டும் என்பதால் உயரங்களையும் சரிபார்த்தாய். நீ அளவுகோலை நம்பினாய். நான் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, சீவும் மேசை ஒரு நூல் உயரம் என்றேன். என்னைத் திட்டிக்கொண்டே ஒரு நூல் குறைத்தாய்.

நீ ஒரு பக்கம் நின்று பலகையைத் தள்ளுவாய். மறுபக்கம் நின்று நான் ஏந்துவேன். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கதைக்க முடியாது. "இழுக்காதை, வாறதை மட்டும் பிடி." நீ எனக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான். கணவர் போன பிறகு என்னோடு இவ்வளவு நேரம் ஒன்றும் பேசாமல் நின்றவள் நீ ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள்.

பங்குனியில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீ எழும்பவில்லை.

சென்ற மாதம் உன் தம்பியின் மகன் ஹெந்தளையிலிருந்து வந்தான். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது அவனுக்கும்.

"அன்ரி, கார் உள்ளுக்கு நிக்கிற வரைக்கும் மேசையள இழுக்க ஏலாது. காரை நாளும் வெளிய எடுத்துவிடவும் ஆள் இல்லை. இப்பிடியே விட்டா கறள் திண்டுபோடும். நான் லொறியில கொண்டுபோறன், ஆராவது பாவிப்பினம்."

அவன் சொன்னதில் பிழையில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மெசின்கள் உன்னுடையவை, உனக்கு உரித்தானவன் அவன். அவை போய்விட்டால் நீ இங்கே நாள்தோறும் வந்துபோனதற்கு என்னிடம் ஒன்றும் மிஞ்சாது. ஞாயிற்றுக்கிழமை லொறியோடு வருவதாகச் சொல்லிப் போனான்.

சனிக்கிழமை நான் காரை விற்றேன். வாங்கியவர் ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை கேற்றடியில் நின்றேன். அழவில்லை.

மறுநாள் வந்தவன் திகைத்துப்போனான். "கார் எங்க அன்ரி?"

"குடுத்திட்டன். இனி இடம் தாராளமாக் காணும். மெசினுகள் இஞ்சயே நிக்கட்டும்."

"ஆர் அன்ரி பாவிக்கிறது?"

"நான்."

என் கைகளைப் பார்த்தான். சிரிக்கவில்லை, அந்த மரியாதை உன் குடும்பத்துக்கு உண்டு. மூன்று மேசைகளையும் நடுவுக்கு உருட்டி, சில்லுகளைப் பூட்டிவிட்டு, வெறும் லொறியோடு போனான்.

பின்னேரம் அவற்றைச் சுவரோரம் தள்ள இனித் தேவையில்லை. கராஜ் முழுவதும் உனக்குத்தான். நீ கேட்டபோது நான் தராத இடம் அது. இப்போதும் அதைப் பிழை என்று நினைக்கவில்லை. அப்போது அது அவருடைய இடம்.

இன்று துடைத்து முடித்ததும் ஒன்று விளங்கியது. பலகை அறுக்கத் தள்ள ஒருத்தியும் ஏந்த ஒருத்தியும் வேண்டும். துளை போட ஒருத்தி போதும். ஒரு மரத்துண்டில் நடுவைக் குறித்து, மெசினின் சுவிச்சைப் போட்டு, கைப்பிடியை மெல்ல இறக்கினேன். துளை விழுந்தது. அளந்து பார்த்தேன்; நடுவிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தது. நீ நின்றிருந்தால், "காணும் விடடி, இதை ஆர் பாக்கப் போகினம்?" என்றிருப்பாய்.

ஒருவரும் பார்க்கப்போவதில்லைத்தான்.

நான் இன்னொரு துண்டை எடுத்து வைத்தேன்.