சம்பந்தி வீட்டுப் படம்

பங்குனி (மார்ச்) 9, ஞாயிறு

வெண்டிக்காய் வாங்கப் போய்ப் படத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

நேற்றுப் பேத்தி லக்சிகா போனில் காட்டிய வீடுதான். அவள் கட்டப்போகிறேன் என்று நிற்கிற வின்சன்றின் தாய்வழி வீடு, லெ மான் நகரத்துக்குப் போகிற பாதையில் ஒரு கிராமத்தில் இருக்கிறதாம். உருண்டையாக ஒரு கோபுரம், வண்டி நுழையக்கூடிய வாசல், மேலே வரிசையாகக் கல் சன்னல்கள். "ஐந்நூறு வருசத்துக்கு மேலை அப்பம்மா. பழசு, சரியான பழசு" என்றாள். பழசென்றால் நல்லதுதானே? புதுப் பணக்காரரை எனக்குப் பிடிக்காது.

அவள் என் போனுக்கு அனுப்பிய படத்தைப் போன் கடைச் சாந்தனிடம் கொடுத்துத் தாளில் அடிப்பித்தேன். "ஆரின்ரை மாளிகை அம்மா?" என்று கேட்டான். "எங்கட பேத்தி போகப்போற வீடு தம்பி" என்றேன். கடையில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பின்னேரம் கரிகாலன் கடை வேலை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு மேசையில் படத்தை வைத்தேன். ஒரு வருசமாக என் மகன் அந்தப் பெடியனின் பெயரைச் சொல்லவில்லை. 'அந்த வெள்ளை' என்பான், அல்லது எழும்பிப் போய்விடுவான். லக்சிகாவும் தகப்பனை எதிர்த்துக் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், விடவும் மாட்டாளாம். இடையில் மருமகள் கோசலை வாடிப் போனாள்.

படத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு போனை எடுத்து அதில் என்னவோ தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் படத்தைத் திரும்ப எடுக்கப் போகும்போது சொன்னான்: "சரி அம்மா. நீங்கள் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ. நீங்கள் ஓம் எண்டால் நானும் ஓம்."

குசினிக்குள் கோசலை தண்ணீர்க் குழாயை நிற்பாட்டினாள். எல்லாருக்கும் கேட்டது.

இப்போது அந்தப் பிள்ளையின் கல்யாணம் என் வாய்ச் சொல்லில் நிற்கிறது.

பங்குனி 14, வெள்ளி

கோயிலில் சிநேகிதி இந்திராதேவியைக் கண்டேன். அவள் எஸ்.எஸ்.சி. வரை படித்தவள், அதை நாங்கள் யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் சம்பந்தி விஷயத்துக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லையே. கைப்பையில் முகம் துடைக்கக் கைலேஞ்சி தேடுகிற மாதிரித் தேடிப் படத்தை வெளியே எடுத்தேன்.

"அரண்மனைச் சம்பந்தியோ அக்கா? இனி எங்களோடை கதைப்பியளோ?"

"கதைப்பன். கொஞ்சம் மெதுவாக் கதைப்பன்."

"உந்தப் பெரிய வீட்டை ஆர் கூட்டுறது?"

"ஆக்கள் வைச்சிருப்பினம்" என்றேன். வைத்திருப்பார்கள்தானே?

பங்குனி 22, சனி

கரிகாலன் இன்றைக்குக் கேட்டான்: "வின்சன்ற் ரயில் ஓட்டப் போறது காலமையோ பின்னேரமோ?" பெயர் சொல்லிக் கேட்டான். கோசலை என்னைப் பார்த்தாள், நான் சோற்றுப் பானையைப் பார்த்தேன்.

சித்திரை 4, வெள்ளி

நாளைக்குப் பயணம். கொண்டுபோகப் பலகாரம் சுட்டேன். சீனி அரியதரம் நன்றாக வந்திருக்கிறது. பயத்தம் பணியாரத்தில் பாதி உடைந்தது. உடைந்ததை வீட்டுக்கு வைத்து, முழுசாக வந்ததை வெள்ளித் தட்டில் அடுக்கினேன். கத்தரிப்பூப் பட்டு எடுத்து வைத்தாயிற்று.

லக்சிகா வந்து பார்த்து, "ஐயோ அப்பம்மா, அங்கை எல்லாம் புல்லு. சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாங்கோ" என்றாள்.

"சம்பந்தி வீட்டுக்குச் சப்பாத்தோடையோ போறது?"

"வெளியிலை இருந்துதான் சாப்பிடப் போறம். நான் சொன்னனான்தானே, அது பழசு எண்டு."

பெரிய வீட்டுக்காரர் தோட்டத்தில் இருந்துதான் சாப்பிடுவார்கள். எனக்குத் தெரியாதா?

சித்திரை 6, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. இன்றைக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

மொன்பர்னாஸ் ஸ்டேஷனிலிருந்து ரயில். நான், லக்சிகா, வின்சன்ற். மடியில் தட்டு. இறங்கின ஸ்டேஷனில் ஒரு மனுசி நின்றாள். பெரிய றப்பர்ச் சப்பாத்து, முழங்காலில் கிழிந்த கால்சட்டை, கையெல்லாம் முள்ளுக் கீறல். எங்களைக் கூட்டிப்போக வேலைக்காரியை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வின்சன்ற் ஓடிப்போய் "மமோ" என்று கட்டிப் பிடித்தான். அவள்தான் தாய், எலோடி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளாம். காரில் என் பட்டுச் சேலை முழுக்க நாய் மயிர்.

வாசல் படத்தில் இருந்தபடியே இருந்தது. கோபுரமும் அப்படியே. மனதுக்குள் பிள்ளையாரை நினைத்து, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, வலது காலை எடுத்து வைத்தேன்.

உள்ளே புல். நிமிர்ந்து பார்த்தால் வானம். ஒரு காகம் குறுக்கே போனது.

"வீடு எங்கை பிள்ளை?"

"இதுதான் அப்பம்மா."

"இது வாசல். நான் வீட்டைக் கேக்கிறன்."

"இதுதான் வீடு."

திரும்பிப் பார்த்தேன். படத்தில் இருந்த கல் சன்னல்கள் எல்லாம் அந்தப் பக்கம் வடிவாகத்தான் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் நான்தான் நின்றேன், வேறொன்றும் இல்லை. ஐயோ, நான் ஆர் ஆருக்கெல்லாம் காட்டினனான்! கடையில, கோயில்ல, மாடிப்படியில கண்ட சனத்துக்கெல்லாம் — கடவுளே.

குண்டு விழுந்து கூரை போன வீட்டை ஊரில் காணாதவள் இல்லை நான். ஆனால் அதைப் படமெடுத்து யாருக்கும் காட்டியதில்லை.

எலோடி ஒன்றும் அறியாமல் என் முழங்கையைப் பிடித்துச் சுற்றிக் காட்டினாள். அவள் பிரெஞ்சில் சொல்ல லக்சிகா தமிழில் சொன்னாள். முந்திப் பிரபு ஒருவர் இருந்த வீடாம். பிறகு கைமாறிக் கைமாறி, எலோடியின் பூட்டன் வாங்கினாராம். "அரச பரம்பரை எல்லாம் இல்லையாம் அப்பம்மா. மாடு வைச்சிருந்த ஆக்களாம். இந்தப் பெரிய மண்டபத்துக்குள்ளைதான் மாடு கட்டினவையாம்." இதைச் சொல்லி எலோடியே சிரித்தாள். ஒரு புயலில் கூரை போனதாம். மாதத்தில் ஒரு நாள் ஊர்ச் சனத்தைக் கூட்டிவந்து, சுவரை முட்பற்றை தின்னாமல் வெட்டுகிறாளாம். அவள் கைக் கீறலுக்குக் காரணம் அதுதான்.

சுவரின் நடுவில், ஏணிக்கும் எட்டாத உயரத்தில் ஒரு கல்லடுப்பு அந்தரத்தில் நின்றது. மேல்மாடித் தரை விழுந்துபோக அடுப்பு மட்டும் மிச்சமாம். "உதிலை ஆர் இப்ப சமைக்கிறது?" என்று என் வாய் கேட்டுவிட்டது. லக்சிகா மொழிபெயர்த்ததும் எலோடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "புறாக்களாம்" என்றாள் லக்சிகா.

மண்டபத்தின் நடுவில் பலகையைப் போட்டு மேசை. அதற்கு மேல் வெள்ளைத் துணி, இஸ்திரி போட்டது. மடிப்பு நேராகத் தெரிந்தது. அந்த முட்பற்றைக்குள்ளே! அப்போதுதான் தட்டைக் கீழே வைத்தேன். நான் மச்ச மாமிசம் சாப்பிடாதவள் என்று முன்கூட்டியே கேட்டு, முட்டைகூடச் சேர்க்காமல் கேக் சுட்டிருந்தாள். அரியதரத்தைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். இன்னொன்றும் எடுத்தாள்.

பிறகுதான் அது நடந்தது. கீழ்ச் சுவரில் ஆள் நிற்கக்கூடிய பெரிய அடுப்பு இருக்கிறது. வெட்டிய பற்றையைக் கொளுத்தி அதில் பால் வைத்தாள் — தமிழ் ஆட்கள் தேத்தண்ணிக்குப் பால் விடுவார்கள் என்று வின்சன்ற் சொல்லியிருந்தானாம். எல்லாரும் கதையில் இருந்தோம். பால் ஏறியது. எலோடி கத்திக்கொண்டு ஓடினாள். நான் அவளுக்கு முன்னால் ஓடி அவள் கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ! பொங்கட்டும்!"

பொங்கி வழிந்து அந்தக் கல்லில் சீறியது. எலோடி என்னை விசரியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். ஒரு வீட்டுக்குள் முதன்முதல் போகும்போது நாங்கள் பால் பொங்க விடுகிற வழக்கத்தை லக்சிகா எடுத்துச் சொன்னாள். எலோடி அடுப்பைப் பார்த்தாள். பிறகு என்னவோ கேட்டாள்.

"இன்னொரு போத்தில் பால் காருக்குள்ளை இருக்காம் அப்பம்மா. அதையும் வைக்கட்டோ எண்டு கேக்கிறா."

கிழக்குப் பக்கமாகத்தான் வழிந்தது. வெயிலைப் பார்த்து உறுதி செய்தேன். கூரை இல்லாததில் அது ஒரு வசதி.

வீட்டுக்கு வந்ததும் கரிகாலன் கேட்டான்: "எப்பிடி அம்மா வீடு?"

"பால் பொங்கினது. கிழக்காலை."

"அவ்வளவோ?"

"அவ்வளவு காணாதோ?"

பொய் சொல்லவில்லை. உண்மை சொன்னேனா?

சித்திரை 10, வியாழன்

கரிகாலன் லண்டனில் இருக்கிற என் தம்பியோடு போனில் கதைத்ததைக் கேட்டேன். "ஆனி மாதம் வாங்கோ மாமா, எல்லாருமாய்ச் சம்பந்தி வீட்டுக்குப் போவம். அம்மா பாத்திட்டா. அவ சொன்னால் சரி."

கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. தம்பி குடும்பத்தோடு அந்த வாசலுக்குள் காலை வைத்து, வானத்தைப் பார்த்து நின்றால்? அத்தனை பேருக்கும் முன்னால் என் பிள்ளையின் முகம் எப்படிப் போகும்? அந்த இடத்திலேயே முறித்துக்கொண்டு வந்துவிடுவான். இப்போது சொன்னால் இப்போதே முறிப்பான்.

லக்சிகா கேட்டாள்: "அப்பாட்டை என்ன சொன்னீங்கள்?"

"நீ வாய் திறவாதை. நான் சொல்லுறன்."

என்னை நானே கேட்டேன்: எப்ப சொல்லப் போறாய்? என்னண்டு சொல்லப் போறாய்?

சித்திரை 14, திங்கள், வருசப் பிறப்பு

சொல்லிவிட்டேன்.

சாப்பாடு முடிந்து கரிகாலன் சன்னலோரம் இருந்தான். கீழே மெத்ரோ ரயில் மேம்பாலத்தில் போகிற சத்தம். அது போய் முடியும்வரை நின்றுவிட்டுப் படத்தை அவன் மடியில் வைத்தேன். "உந்தச் சுவருக்குப் பின்னாலை ஒண்டும் இல்லைத் தம்பி. கூரையும் இல்லை, தரையும் இல்லை. நான் உனக்குச் சொல்லேல்லை."

"தெரியும் அம்மா."

"என்ன தெரியும்?"

"நீங்கள் படம் வைச்ச அண்டைக்கே போனிலை மேலாலை பாத்தனான். வானத்திலையிருந்து எடுத்த படம் இருக்கெல்லே. நாலு சுவரும் பற்றையும்."

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "அப்ப ஏன்ரா என்னை அனுப்பினனீ? பட்டுச் சேலையோட, வெள்ளித் தட்டோட — விசரி மாதிரி நிண்டனான்ரா அங்க! நான் படத்தைக் கொண்டு திரியிறதைப் பாத்துக்கொண்டு இருந்தனியே?"

"நான் உங்களை வீடு பாக்கவோ அனுப்பினனான்? ஆக்களைப் பாக்க அனுப்பினனான்." பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒரு வருசமா மாட்டன் எண்டு நிண்டிட்டன். என்னண்டு திரும்பிறது எண்டு தெரியேல்லை. நீங்கள் படத்தைக் கொண்டு வந்து வைச்சியள். அம்மா சொன்னவ எண்டால் நான் திரும்பலாம்தானே."

படத்தை அவன் மடியிலிருந்து இழுத்து எடுத்தேன். கோபத்தில்தான்.

"ஆக்கள் எப்பிடி அம்மா?"

யோசித்தேன். "மேசைத்துணி இஸ்திரி போட்டிருந்தது."

"பிறகு?"

"நான் பாலைப் பொங்க விட்டனான். அவள் இன்னொரு போத்தில் வைக்கட்டோ எண்டு கேட்டவள்."

கரிகாலன் சிரித்தான். குசினியிலிருந்து கோசலை எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான்.

"அப்ப ஓம்தானே?"

"ஓம்."

சித்திரை 15, செவ்வாய்

இன்னும் கோபம்தான். கரிகாலனுக்கு அப்பளம் பொரிக்கவில்லை. லக்சிகாவுக்குப் பொரித்தேன்.

ஆனி 15, ஞாயிறு

நேற்று எல்லாருமாகப் போனோம். லண்டன் தம்பி குடும்பத்துக்கு முன்கூட்டியே கூரை விஷயம் சொல்லியாயிற்று. அவன் தொப்பியோடு வந்தான். மோதிரம் மாற்றியது அந்தரத்து அடுப்புக்குக் கீழே. நல்ல நேரத்தில் மேலிருந்து புறா ஒன்று வேலையைக் காட்டியது, நல்லவேளை தம்பியின் தொப்பியில்.

மோதிரம் மாற்றிய பிறகு கரிகாலனும் வின்சன்றும் பற்றை வெட்டினார்கள். ஒருவன் வெட்ட மற்றவன் இழுத்தான்.

இந்திராதேவியையும் கூட்டிப்போனேன். கூரை இல்லை என்று போன கிழமையே சொன்னேன், நான் அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் நம்பவில்லை. உள்ளே வந்து வாயைத் திறந்தபடி நின்றவளுக்கு எலோடி ஒரு சோடி கையுறை கொடுத்தாள்.

"அரண்மனை எண்டு கூட்டி வந்து புல்லுப் பிடுங்க விட்டிட்டியள் அக்கா."

"அரண்மனை எண்டு நீதான் சொன்னனீ. நான் வீடு எண்டுதான் சொன்னனான்."

பின்னேரம் வரைக்கும் பிடுங்கினாள். நான் இந்தமுறை சப்பாத்துப் போட்டிருந்தேன்.

ஆனி 18, புதன்

சாந்தன் கடைக்குப் போனேன். லக்சிகா எடுத்த படம்: மண்டபத்துக்குள் எல்லாரும் வரிசையாக நிற்கிறோம், எலோடி என் தோளில் கை போட்டிருக்கிறாள், பின்னால் சன்னல்கள், சன்னல்களுக்கு மேலே வெறும் வானம்.

சாந்தன் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அம்மா, மேலை கூரை வெட்டுப்பட்டுப் போச்சு. முழுப் படம் இருந்தால் பேத்தியை அனுப்பச் சொல்லுங்கோ."

"உதுதான் முழுப் படம். கூரை இல்லைத் தம்பி. நீ பெரிசா அடி."

கடையில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.